உயில் மெக்கானிக்கும் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும்

அந்தமானில் இருக்கும் மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். உயில் மெக்கானிக்கிடம் மாட்டிக்கொண்டவர்கள், இனிமேல் மாட்டிக்கொள்ளப் போகிறவர்கள். இந்த இரண்டிலும் சேராத தனிப்பிறவி நான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், அறுபது வயதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். போர்ட் பிளேரில் ஜங்லிகாட் படகுத்துறைக்குப் பின்னால் அவருடைய தகர ஷெட். படகு எஞ்சின், தண்ணீர் மோட்டார், எது படுத்தாலும் அவர் கை பட்டால் எழுந்துவிடும். ஒரே ஒரு சிக்கல்தான். வேலை முடிந்ததும் பொருளைக் கொடுத்துவிட மாட்டார். அதன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, "நீ போனப்புறம் இது யாருக்கு?" என்று கேட்பார்.

ஒரு வங்காளி மீனவர் புதுப் படகை முதல் தடவையாகக் கடலில் இறக்கப் போகிற அன்று, எஞ்சினுக்கு ஏதோ ஒரு சின்ன வேலை பார்க்க வந்தார். படகுக்கு மாலை போட்டாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. நம் ஆள் எஞ்சின் மேல் காலை வைத்து, "தாதா, தும்ஹாரே பாத் போட் கிஸ்கா?" என்றார். அண்ணே, உங்களுக்கு அப்புறம் படகு யாருக்கு? நல்ல நாளும் அதுவுமாகக் கேட்கிற கேள்வியா இது? தாதா வங்காளியில் தொடங்கி இந்தியில் திட்டி முடித்தார். உயில் மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி, போட் கிஸ்கா?" என்றார். கடைசியில் தாதா மூத்த மகளின் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். எல்லாரும் குக்கரும் சுவர்க்கடிகாரமும் கொடுக்கும்போது இவர் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொடுப்பார். உள்ளே பத்து வெள்ளைத் தாள், ஒரு பேனா. "கல்யாணம் ஆயிட்டுல்லா? நாளைக்கே பேங்குக்குப் போயி நாமினி பேர மாத்திருங்க" என்று மேடையிலேயே சொல்லுவார். ஒரு முறை மாப்பிள்ளையின் அம்மா ஓவென்று அழுதுவிட்டார். அதுவரை நாமினி அவர்தானாம்.

இதையெல்லாம் ஆபீஸில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவது என் வழக்கம். நான் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். எந்த ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனிடம் ஒரு மெக்கானிக் வந்து நாமினி பற்றிப் பேசுவதா?

போன வருஷம் என் நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்தது. பரிசோதித்த டாக்டர், தள்ளிப்போடாமல் மெயின்லேண்ட் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை எனக்கும் மனைவிக்கும் சென்னைக்கு டிக்கெட். கல்லூரி படிக்கும் மகள் மட்டும் வீட்டில் இருப்பாள். அந்த வாரம் பார்த்துத் தண்ணீர் மோட்டார் நின்றது. எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வரும். என் இதயம் நின்றால்கூட என் மனைவி இரண்டு நாள் சமாளித்துவிடுவாள், மோட்டார் நின்றால் முடியாது.

மோட்டாரைச் சரிசெய்து வீட்டுக்கே கொண்டுவந்தார் உயில் மெக்கானிக். கூடத்தின் நடுவில் வைத்தார். காலையும் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறியளாம்லா சார். எல்லாம் எழுதி வச்சாச்சா?"

"அண்ணாச்சி, நான் ஃபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எல்லாம் பக்கா."

"பேங்க்ல நாமினி யாரு?"

"வேற யாரு, என் சம்சாரம்தான்."

"பாத்தியளா?"

"பார்க்கணுமா என்ன?"

"தங்கச்சி, அந்தப் பேங்க் காகஜக் கொஞ்சம் எடுங்க" என்றார் என் மனைவியிடம்.

தண்ணீர் வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. என் மனைவி பீரோவைத் திறந்து ஃபிக்சட் டெபாசிட் ரசீதைக் கொண்டுவந்த வேகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வாசித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள்.

"என்னங்க, யாரு இந்தத் தபஸ்?"

தபஸ் என் ரூம்மேட். முதல் போஸ்டிங்கில் கார் நிக்கோபாரில் இருவரும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பேங்க் ஃபாரத்தில் நாமினி கட்டம் வந்தது. அம்மாவின் விவரம் கேட்டுத் திருச்சிக்குக் கடிதம் எழுதினால், கப்பல் பார்த்துப் பதில் வர மாதக்கணக்காகும். தபஸ் பக்கத்திலேயே இருந்தான். நான் அவன் பெயரை எழுதினேன், அவன் என் பெயரை எழுதினான். பேச்சிலர் குவார்ட்டர்ஸில் அன்றைக்குப் பாதிப் பேர் இப்படித்தான் ஒருவருக்கொருவர் வாரிசாக இருந்தோம். அதற்குப் பிறகு கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், டெபாசிட் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுப்பித்தபோது தபஸையும் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

கொல்கத்தாவில் இருக்கும் தபஸுக்கு உடனே போன் போட்டேன். "அரே, என் அக்கவுன்டுலயும் இன்னும் நீதான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவன் மனைவி பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்று, போனும் கட்டானது.

"அப்ப உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் என் பொண்ணும் தபஸ் வீட்டு வாசல்ல போயி நிக்கணுமா?" என்றாள் என் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் இத்தனை வருஷம் கேலி செய்த மனிதர் அப்போது சிரிக்கவில்லை. மோட்டார் மேலிருந்த காலை எடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. கப்பல்ல பார்சல் அனுப்புதோம்லா, ஜெட்டில ஒருத்தன் நின்னு வாங்குவாம்லா, நாமினின்னா அவன்தான். வாங்குதவன் வேற, சொந்தக்காரன் வேற. ஆனா வாங்குதவன் கொல்கத்தால இருந்தா உங்களுக்கு அலைச்சல். அதனால பேர மாத்திரணும். யாருக்குச் சொந்தம்னு உயில்லயும் எழுதிரணும். ரெண்டும் செய்யணும்."

"உங்களுக்கு ஏன் அண்ணாச்சி இந்தப் பைத்தியம்?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எங்க அப்பா ஒண்ணும் எழுதாமப் போயிட்டாரு சார். ஒரே ஒரு போட்டு. நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு. அது யாருக்குன்னு கோர்ட்டுக்குப் போனோம். தீர்ப்பு வரும்போது கரையில போட்டு மக்கிப் போச்சு. நாலு பேரும் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கிடுறதில்ல. போட்டு போனாப் போவுது."

மறுநாள் பேங்கில் பெயரை மாற்றினேன். அடுத்த இரண்டு நாள் உட்கார்ந்து உயில் எழுதினேன். பதினொரு பக்கம். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் இருந்தது. 'தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும் அனுப்பப்படுகிறது' என்றுகூட எழுதியிருந்தேன். யாருக்கு அனுப்புகிறேன் என்று யோசிக்கவில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். உயில் மெக்கானிக் பக்கத்துக்கு ஒரு கிரீஸ் விரல் ரேகை வைத்துப் பொறுமையாக வாசித்து முடித்தார்.

"நல்லா இருக்கு சார். இதுல வீடு யாருக்குன்னு எங்கன எழுதியிருக்கு?"

தேடினேன். எங்கேயும் இல்லை. வீட்டை மறந்திருந்தேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாமா என்றேன். வேண்டாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வீடு மனைவிக்கு. பேங்கில் இருப்பது மனைவிக்கும் மகளுக்கும் சரிபாதி. எந்தக் காகிதம் எந்த அலமாரியில் என்று தனியாக ஒரு பட்டியல். அவ்வளவுதான். 'எனக்குப் பிறகு' என்று எழுதும் இடத்தில் மட்டும் பேனா நகரவில்லை. இத்தனை வருஷம் இதைத் தள்ளிப்போட்டது சோம்பலால் அல்ல, பயத்தால்தான் என்று அந்த இரண்டு வார்த்தையில் தெரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. ஏதோ ஸ்பேனரைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை கையெழுத்துப் போட எங்கள் வீட்டுக்கே வந்தார். என் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட வந்தபோது தடுத்தார். "பங்கு உள்ளவங்க சாட்சி போடக் கூடாது தங்கச்சி." பக்கத்து வீட்டுத் தெலுங்கு வாத்தியாரும், மருந்துக்கடை மலையாளியும் வந்து, நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, கீழே தாங்களும் போட்டார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரும் கழுத்தை நீட்டினார்கள். உயில் மெக்கானிக் தன் கிரீஸ் துணியைப் போட்டு மூடிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு சட்டைப் பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது என்ன?"

"என் உயில் சார். ஷெட்டு, சாமானெல்லாம் யாருக்குன்னு எழுதியிருக்கேன். என் அண்ணன் தம்பி மூணு பேருக்கும் சரியாப் போய்ச் சேரணும். சேக்க வேண்டியவரு நீங்கதான்னு உங்க பேரையும் போட்டிருக்கேன். நான் போனப்புறம் பிரிங்க."

எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "அண்ணாச்சி, நெஞ்சைப் பிளந்துக்க நாளைக்குப் பிளேன் ஏறப் போறவன் நான். உங்களுக்கு அப்புறம் பிரிக்கணும்னா, அதுவரைக்கும் நான் இருக்க வேண்டாமா?"

"அதுக்குத்தான் எழுதியிருக்கேன். இருங்க" என்றார். மோட்டாரை ஒரு தடவை ஓட விட்டுப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இருக்கிறேன். மோட்டாரும் ஓடுகிறது. அந்தக் கவர் என் பீரோவில் ஒட்டினபடியே கிடக்கிறது. வாழ்க்கையில் எத்தனையோ கவர்களை முதல் ஆளாகப் பிரித்தவன் நான். இதைப் பிரிக்கிற நாள் மட்டும் எனக்கு வரவே வேண்டாம்.