பனிப்பூ வரலாறும் அதைப் பாராட்டியோரும்

ருஷ்ய இலக்கியத்தை ஒரே வீச்சில் ஆற்றில் மூழ்கடித்த பெருமை உலகத்தில் வேறெந்த ஊருக்கும் கிடையாது. அது ரங்கூனுக்கே உரியது. ரங்கூனிலும் அலோன் படகுத்துறைக்கு. துறையிலும், மரக்கம்பெனி குமாஸ்தா இராமையாவின் வலது முழங்கைக்கு.

துறையோரத்து டீக்கடையில் ஊ நிக்கலாய் தம்மிடமிருந்த ஒரே புத்தகத்தை மேஜையில் விரித்து இராமையாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி துரை அவ்வழியே போனார். துரையைக் கண்டால் எழுந்து நிற்பது இராமையாவின் எலும்புகள் தாமாகவே செய்யும் காரியம். மூளையோடு அவை கலந்தாலோசிப்பதில்லை. எழுந்தார், சலாம் வைத்தார், முழங்கை சுழன்றது. புத்தகம் ஆற்றில் இருந்தது. துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகமும்தான்.

நிக்கலாய், ருஷ்யாவில் ராஜா போன கலவரத்தில் துறைமுகம் துறைமுகமாக உருண்டு ரங்கூனில் கரையேறியவர். ஊமைப்படக் கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிடில் வாசிப்பது தொழில். அக்கம்பக்கத்துப் பர்மியர்கள் மரியாதையாக ‘ஊ’ சேர்த்து அவரை ஊ நிக்கலாய் ஆக்கிவிட்டார்கள். தமிழை மட்டும், தாமுவே வட்டாரத்தில் தாம் குடியிருந்த மாடியின் வீட்டுக்காரம்மா தைலம்மாளிடம் கற்றுக்கொண்டார். ஆகையால் அவர் அன்பாகப் பேசினாலும் வாடகை கேட்பது போலவே இருக்கும்.

மூழ்கிய புத்தகத்தின் பெயர் ‘பனிப்பூ’. பீட்டர்ஸ்பர்க்கில் சில இளைஞர்கள் ஆளுக்கொன்று எழுதிச் சேர்த்துப்போட்ட இலக்கிய ஆண்டுமலர். ஒரே ஒரு வருஷம் மலர்ந்தது. அதில் நிக்கலாயின் தம்பி அலெக்ஸி எழுதிய பாட்டு ஒன்று உண்டு. அவன் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். பிறகு யுத்தம் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நிக்கலாய் ஆற்றையே சிறிது நேரம் பார்த்தார். “போகட்டும்” என்றார்.

நாலு அறை அறைந்திருந்தால் இராமையா நிம்மதியாக வீடு போயிருப்பார். அந்தப் ‘போகட்டும்’ அவரைத் தின்றது. மறுநாளே தாமுவேக்குப் போய், பனிப்பூவின் வரலாற்றையும் அதில் எழுதியவர்களின் சரித்திரத்தையும் தமிழில் எழுதி அச்சிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

“உங்க தம்பி பேரு மறுபடி அச்சுல வரும், ஊ நிக்கலாய். அது என் பொறுப்பு.”

“வருமா?” என்றார் நிக்கலாய்.

“வரும்.”

அன்றிலிருந்து அவர் சொல்ல, இவர் எழுதினார். பனிப்பூவில் எழுதியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரத்தினம். நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டிலேயே காதல் கவிதை எழுதிக் கொடுத்த டாக்டர் ஒருவர். மருந்தில்லாமலே பாதிப்பேர் பிழைத்தார்களாம். நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் எழுதிவிட்டு, முதலில் என்ன நடந்திருக்கும் என்று ஊரெல்லாம் விசாரித்துத் திரிந்த பிரபு ஒருவர். ஆண்பெயரில் எழுதிய பெண்ணும் பெண்பெயரில் எழுதிய ஆணும் கடிதத்திலேயே காதலித்து, நேரில் சந்தித்து, யார் யாரென்று தீராமல் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அலெக்ஸி தன் கிழட்டுக் குதிரையைப் பற்றி எழுதியிருந்தான்.

“தம்பி பாட்டு நல்லா இருக்குமா?” என்று இராமையா கேட்டார். நிக்கலாய் குதிரை நல்ல குதிரை என்றார். இன்னொரு நாள் கேட்டதற்கு, டீ ஆறுகிறது என்றார்.

இந்நிலையில்தான் ‘ரங்கூன் அகில உலக இலக்கிய அபிவிருத்தி மகாசபை’ செய்தியறிந்து கைகொடுக்க வந்தது. தலைவர் குடைக்கடை பழனியப்பன் பெருந்தன்மையின் சிகரம்; மழைக்காலத்தில் மட்டும் சபைக்கு வரமாட்டார். உபதலைவர் மாரிச்சாமி முனிசிபாலிடி ஓவர்சியர். சாக்கடையையும் செய்யுளையும் ஒரே கறாருடன் பார்வையிடுபவர். விசேஷக் கூட்டம் கூடியது. ருஷ்யா என்றொரு தேசம் இருப்பதைச் சபை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டது. போலீசார் எதுவும் நினைத்துவிடாதபடி, அது பழைய ருஷ்யாவே என்று ஒரு திருத்தமும் நிறைவேறியது. அடுத்தபடியாக, நூலுக்குச் சாற்றுகவி வேண்டும் என்று முடிவாயிற்று.

சாற்றுகவி இல்லாத தமிழ்நூல் வெளியே தலைகாட்ட முடியுமா? நாலு வித்துவான்கள் முன்னால் நின்று, நூலும் நூலாசிரியனும் இன்னின்ன மாதிரி உயர்ந்தவர்கள் என்று பாடினால்தானே வாசகனுக்குத் தைரியம் வரும்? சபையில் வித்துவானல்லாதவர் ஒருவருமில்லை. எல்லாரும் பாடினார்கள். நூலைப் படித்தால் பாராட்டில் ஒருதலைப்பட்சம் வந்துவிடும் என்று அஞ்சி, ஒருவரும் அதைத் தொடவில்லை. இராமையாவைப் பற்றி மட்டும் பாடினார்கள். அவர்தான் பக்கத்திலேயே இருந்தாரே. ‘ருஷ்யாவைத் தமிழாக்கிய இராமையா’, ‘பனியை உருக்கிய இராமையா’. ஒருவர் அவரை ஆதவனோடு ஒப்பிட்டதால் அடுத்தவர் ஆதவன் போதாதென்று பாட நேர்ந்தது.

அச்சுக்கூடம் பீர் முகைதீனுடையது. காகிதம் ஏற்றிய கப்பல் வரத் தாமதமானதால் கையிருப்புத் தாளுக்குள் புத்தகம் முடியவேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். சாற்றுகவிகள் வரவர, வரலாறு இடம்விட்டு நகர்ந்தது. தலைவரின் பாட்டுக்காக டாக்டர் போனார். உபதலைவரின் பாட்டுக்காகப் பிரபு போனார். தலைவரின் மைத்துனர் பாடியது வந்தபோது காதலர்கள் இருவரும் ஒன்றாகவே வெளியேறினார்கள்; அந்த ஒற்றுமை அவர்களுக்குக் கடைசியிலாவது வாய்த்தது. இராமையா ஒவ்வொருவரிடமும் போய், தம்முடைய வரலாறு எங்கே என்று பணிவாகக் கேட்டார். பழனியப்பன் காலம் பதில் சொல்லும் என்றார். மாரிச்சாமி அது சம்பந்தமாக ஓர் உபகமிட்டி போடலாம் என்றார்.

மிஞ்சியது ஒரு பக்கம். அதில் அலெக்ஸி இருந்தான், குதிரையோடு.

அப்போதுதான் உபதலைவருக்கு ஒரு குறை கண்ணில்பட்டது. இத்தனை பேர் ஆசிரியரை வானளாவப் புகழ்ந்திருக்க, ஆசிரியர் அவையடக்கம் பாடாவிட்டால் உலகம் என்ன சொல்லும்? தம்மை எளியோன் என்றும் சிறியோன் என்றும் சொல்லிக்கொள்ளாதவன் புலவனா? தாம் எவ்வளவு அடக்கமானவர் என்பதை உலகம் அறியாமலே போய்விடுமே என்று இராமையாவுக்கு இருந்தது. அன்றே எழுதிக்கொண்டுபோனார்.

பீர் முகைதீன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ஒரு பக்கந்தான் இருக்கு, ராமையாண்ணே. ருஷ்யாக்காரன் தம்பியைப் போடவா, அவையடக்கத்தைப் போடவா?”

இராமையா சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“ரெண்டாம் பதிப்புன்னு ஒண்ணு வரும்ல பாய்?” என்றார்.

புத்தகம் வெளிவந்தது. சிவப்பு அட்டை, தங்க எழுத்து. சபை மாலைபோட்டது. மாலை வாடுவதற்குள் இராமையா ஒரு பிரதியோடு தாமுவே வீட்டு மாடிப்படி ஏறினார். தாள் தட்டுப்பாட்டை எப்படி எடுத்துச்சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்.

நிக்கலாய் கைகழுவித் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை வாங்கினார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். பாதியில் அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. முந்திய பக்கத்துக்குப் போயிற்று. அடுத்ததற்கு வந்தது. மறுபடி முதலிலிருந்து தேடியது. முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

“இந்தாப்பா, இந்த ஒரு வார்த்தை எல்லாப் பக்கத்திலயும் இருக்கு,” என்றார். “ஒண்ணு விடாம இருக்கு. நான் ஒரு இடம் போதும்னு நினைச்சேன். இவ்வளவு செஞ்சிருக்கியே.” விரலால் அந்த எழுத்துகளைத் தடவினார். “தம்பி பேரு தமிழ்ல இப்படியா இருக்கும்?”

இராமையாவின் எலும்புகள் தாமாகவே எழுந்து நின்றன. துரை யாரும் வரவில்லை.

“அது... அது என் பேருங்க,” என்றார்.

நிக்கலாயின் விரல் எழுத்தைவிட்டு விலகியது. தைலம்மாள் கீழே யாரிடமோ வாடகை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோன இராமையா, வாயில் வந்த பழைய கேள்வியையே கேட்டுவைத்தார்.

“தம்பி பாட்டு... நல்லா இருக்குமா?”

நிக்கலாய் புத்தகத்தை மூடி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இல்லப்பா. ரொம்ப மோசமான பாட்டு. பனிப்பூவுல கடைசியில ஒரு பக்கந்தான் மிச்சம் இருந்துது. மலரைப் போட்டவன் தன் பாட்டை எடுத்துட்டு, அதைப் போட்டான்.”