மஞ்சள் நூல் கஸ்டம்ஸ்

அன்று அந்தத் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி மேரி, அமெரிக்கா கிளம்பிய எங்கள் மகள் ஸ்டெல்லா, வேன் டிரைவர் சின்னத்தம்பி, அப்புறம் ஊரே கஸ்டம்ஸ் என்று கூப்பிடுகிற மனிதர். இந்த ஐந்து பேரில் ஒருவரையும் கஸ்டம்ஸ் நம்பவில்லை. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தன் வேலையாக மலைக்குக் கீழே செங்கம் போகிற நாளில்கூடத் தன் பையைத் தானே மேசைமேல் வைத்து, "இத நீயே கட்டினியா?" என்று தன்னையே கேட்டு, அதற்குப் பதிலும் சொல்லி, அந்தப் பதிலில் திருப்தி இல்லாமல் பையைக் கவிழ்த்துப் பார்க்கிற மனிதர். ஜவ்வாது மலையை விடுங்கள், உலகத்திலேயே அவரைப்போல் சந்தேகப்பட ஆள் கிடையாது. எனக்குப் பயப்பட மட்டும்தான் தெரியும். சந்தேகப்படக் கற்றது அவரிடம்தான்.

கோயிலில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்கும் ஞாபகமில்லை. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பதினொரு வருடம் தரை துடைத்துவிட்டுத் திரும்பியவர். காவலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நிறுத்தத்தில், என் தையல் கடைக்கு எதிரே இருந்த பழைய பஞ்சர் கொட்டகையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்த ஏர்போர்ட் கதைதான்.

அங்கே அமெரிக்க அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்களாம். அமெரிக்கா போகிறவர்களின் பாஸ்போர்ட், பெட்டி எல்லாவற்றையும் விமானம் ஏறுவதற்கு முன்பே சோதித்து முடித்துவிடுவார்களாம். அமெரிக்காவில் இறங்கும்போது ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லையாம்.

"அமெரிக்கா போய் வரிசையில நின்னா அடுத்த பிளைட்டு போய்டும், டைலரு. இங்கயே முடிச்சிட்டா எறங்கினமா, அடுத்ததுல ஏறினமான்னு போய்ட்டே இருக்கலாம். இது தெரிஞ்சதும் தூரதேசத்து பிளைட்டு கம்பெனிக்காரனுங்க தானா வந்து எங்க ஏர்போர்ட்ல ஆளுங்கள எறக்கி ஏத்தினானுங்க."

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனாலும் ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டில் போய் எப்படி மேசை போடுவான் என்று கேட்கிற அளவுக்கு விவரம் உண்டு. கேட்டேன். "ரெண்டு பேரும் ஒத்துக்கினு போடறாங்க. உனுக்கு இன்னா?" என்று முடித்துவிட்டார். நான் நம்பவில்லை.

எங்களுக்கும் அதே மாதிரி ஒரு தொல்லை இருந்தது. மலை அடிவாரச் சோதனைச்சாவடியில் சந்தனக்கட்டைக்காக ஒவ்வொரு பையையும் அவிழ்ப்பார்கள். புளி மூட்டை, சாமை மூட்டை ஒன்றும் தப்பாது. வேன் முக்கால் மணி நேரம் நிற்கும். அதற்குள் செங்கத்தில் பெங்களூர் பஸ் போய்விடும். மூட்டைக்காரர்கள் அதிகம் என்பதால் வேன்காரர்கள் எங்கள் ஊரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். சின்னத்தம்பியின் வேன் ஒன்றுதான் வரும், அதுவும் அவனுக்கு மாமியார் வீடு இங்கே இருந்ததால்.

கஸ்டம்ஸ் ஒருநாள் கொட்டகையில் மேசை போட்டார். ஏறுகிறவர்களின் மூட்டையை மேலேயே அவிழ்த்துப் பார்த்து, மஞ்சள் நூலால் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டார். பிறகு அடிவாரத்துக்குப் போய்க் காவலரிடம், இந்த முடிச்சு விழுந்த பையில் கட்டை இருந்தால் தன்னைப் பிடித்து உள்ளே வைக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். காவலர் மட்டும் என்ன, லேசில் நம்புகிற ஆளா? இரண்டு வாரம் எல்லா முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம் நூலைப் பார்த்ததும் தடுப்புக் கம்பைத் தூக்கினார். மாதம் திரும்புவதற்குள் எங்கள் நிறுத்தத்தில் நான்கு வேன்கள் நின்றன.

ஆனால் அந்த நூல் என் கடையில் வாங்கினது. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் போலீஸ் நூலைப் பிடித்துக்கொண்டு நேராக என் தையல் மெஷினுக்கு வந்து நிற்குமே. மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் செங்கத்தில் அதே மஞ்சளில் ஒரு டஜன் வாங்கி வந்து, "உனுக்கு ரெண்டு வச்சிக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் அவருடைய மச்சானின் சாமை மூட்டைக்குள் இரண்டு விரல் கனத்தில் ஒரு சந்தனத் துண்டு கிடைத்தது. கஸ்டம்ஸ் மூட்டையைத் தள்ளி வைத்தார். "எறங்கு, மச்சான்." கட்டையைக் காவலரிடம் ஒப்படைத்தார், மச்சானை மாமனாரிடம் ஒப்படைத்தார். அவர் மனைவி ஒரு மாதம் அவருக்குச் சோறு போடவில்லை. பரோட்டா கடையில் சாப்பிட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. விமானம் ஏறி வெளியூர் போகிறவர்களிடம் தேன், கருவாடு, ஊறுகாய் என்று பிடுங்கி வைத்துக்கொள்வார். அதெல்லாம் எங்கே போகிறது? என் மெஷினில் உட்கார்ந்தபடியே அவருடைய மதியச் சாப்பாட்டை ஒரு வாரம் கண்காணித்தேன். களியும் கீரையும்தான். இருந்தாலும் மறைவாகத் தின்பார் என்றே நினைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லாவுக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேலை கிடைத்தது. போகிற வழி கஸ்டம்ஸ் தரை துடைத்த அதே ஏர்போர்ட். அமெரிக்காவில் இறங்கி இன்னொரு விமானம் மாறவேண்டும், நடுவில் நேரம் கொஞ்சம்தான். அதை விட்டால் முன்பின் தெரியாத ஊரில் என் பெண் தனியாக நிற்பாள். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கஸ்டம்ஸ் காதுக்கு விஷயம் போனது. பெட்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

முதல் வேலையாக மேரி போட்ட எலுமிச்சை ஊறுகாயை வெளியே எடுத்து வைத்தார். அது எலுமிச்சைதானே, தடை இல்லையே என்றாள் மேரி.

"தடை இல்லம்மா, கேள்வி வரும். கேள்வி வந்தா நேரம் போகும். நேரம் போனா பிளைட்டு போகும்."

"இவரு வாய்க்குத்தான் போகும்" என்று மேரி என் காதில் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

பிறகு ஸ்டெல்லாவை மேசைக்கு எதிரே நிறுத்தினார். "இத யாரு கட்டினது?"

"அம்மாதான் பெரிப்பா."

"அப்ப அம்மாவையும் கூட்டினு போ, அவங்களே பதில் சொல்லட்டும்."

பெட்டியைக் கவிழ்த்து அவளையே அடுக்க வைத்தார். மூன்று தடவை. சின்னத்தம்பி பொறுமை இழந்து வெளியே வேனுக்குப் போய் ஹாரன் அடிக்கிறான். எப்படித்தான் இந்தக் கேள்வியெல்லாம் தெரியும் என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"அங்க ஒரு கோடு போட்ருப்பான். அத தாண்டி எங்கள விடமாட்டான். கோடு வரைக்கும் தொடச்சினே கேட்டுக்கினு இருப்பேன்." கடைசியில் பெட்டிக் கைப்பிடியில் மஞ்சள் நூலைக் கட்டினார்.

மறுநாள் முழுக்க நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அமெரிக்காவிலிருந்து அவள் குரல் வந்தது. அந்த ஏர்போர்ட்டில் மேசை இருந்ததாம், அதிகாரியும் இருந்தாராம். பெட்டியை நீயே கட்டினாயா என்று கேட்டாராம். இவள் திக்காமல் ஆமாம் என்றாளாம். முன்னால் நின்றவரை ஐந்தாறு ஊறுகாய் பாட்டில்களோடு தனியாகக் கூட்டிப்போய்விட்டார்களாம்.

"எறங்கினதும் யாரும் ஒண்ணும் கேக்கலப்பா. செங்கம் பஸ் ஸ்டாண்டுல எறங்கின மாதிரி நடந்துபோய் அடுத்த பிளைட்டு ஏறிட்டேன்."

இரண்டு வருடம் கழித்து அவள் லீவில் வந்தாள். வேன் நின்றதும் கஸ்டம்ஸ் கொட்டகைக்குள் போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தேன், கருவாடு, வடகம், ஊரார் சாமான் எல்லாம் பெயர்ச் சீட்டோடு இருந்தது. எங்கள் ஊறுகாய் பாட்டிலில், 'டைலரு பொண்ணு, திரும்பி வரப்போ' என்று எழுதியிருந்தது. ஊறுகாய்க்கு மேலே இரண்டு விரல் அளவுக்குப் புது நல்லெண்ணெய் நின்றது. கெட்டுப்போகாமல் இருக்க மாதாமாதம் ஊற்றி வந்திருக்கிறார். மேரி நேராக வீட்டுக்குப் போனாள். அன்று மதியம் அவருக்குக் கோழிக்குழம்பு போனது.

போன மாதம் எனக்கு பெங்களூரில் ஒரு வேலை. பையை மேசைமேல் வைத்தேன். கஸ்டம்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ போ டைலரு. உன்னுத பாக்க வேணாம்."

உலகத்திலேயே யாரையும் நம்பாத மனிதர் என்னை நம்பிவிட்டார். சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் வேன் படியில் வைத்த கால் மேலே ஏறவில்லை. திரும்பி வந்தேன்.

"பாத்துடுங்கண்ணா. நீங்க பாக்கலன்னா எனக்கு மனசு கேக்காது."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நூலை எடுத்தார். "இத நீயே கட்டினியா?" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.