டைம்கீப்பருக்குக் கிடைத்த ஓய்வு

திருவண்ணாமலை,
ஆகஸ்ட் 2002

சௌபாக்கியவதி ஜோதியம்மாளுக்கு உன் கணவன் கோதண்டராமன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நான் சௌக்கியம். பெங்களூரில் நீயும் மகள் மதிவதனியும் பேரனும் சௌக்கியமா என்று எழுது.

நான் ரிட்டயர் ஆன அடுத்த வாரமே, மதிவதனி வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று நீ பஸ் ஏறிவிட்டாய். இத்தனை வருஷம் பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதி வண்டிகளை விரட்டியவனுக்கு இனி ராஜ வாழ்க்கை என்று நினைத்தேன். மறுநாள் விடியும் முன்பே கால் தானாக அங்கேயே போய் நின்றது. என் நாற்காலிக்கு வந்திருக்கும் புது டைம்கீப்பர் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து, எந்த வண்டிக்குப் போகிறீர்கள் சார் என்று கேட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

சும்மா இருக்கவும் பழக வேண்டும் என்று எதிர்வீட்டுப் பரசுராமன் ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வந்து, வாடகைக்கு அறை பிடித்து, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு இது முடியாதா என்று கண்ணை மூடியவன் அப்படியே தூங்கிப்போய், "செங்கம் வண்டி எடுப்பா, டைம் ஆயிடுச்சு" என்று கத்தியிருக்கிறேன். தியானத்தில் இருந்த செங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பரசுராமன் இப்போது என்னைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார்.

சரி, கிரிவலமாவது போவோம் என்று கிளம்பி, வழக்கம்போல் விறுவிறுவென்று சுற்றிச் சீக்கிரம் முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால், அதைச் சொல்லிப் பெருமைப்பட ஆளில்லை. "சாமிய சுத்துறீங்களா, ட்ரிப் அடிக்கிறீங்களா? செத்த நேரம் உக்காருங்க" என்று பாதி வழியில், அடி அண்ணாமலைக் கோயில் பக்கம் எப்போதும் சொல்வாயே, அது ஞாபகம் வந்தது. மறுநாள் மறுபடி போனேன். நீ உட்கார, நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேனே, அந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் வெள்ளரிப்பிஞ்சு இரண்டு கேட்டு, ஒன்றில் மிளகாய்த் தூள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். விற்கிறவள், "அம்மா பின்னாடி வர்றாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொழுது சாயும்வரை உன் பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார வந்துவிட்டது, ஜோதி. பக்கத்தில் நீ இல்லாததுதான் தாங்கவில்லை.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. சமையலும் பழகிவிட்டது. பொங்கல்வரை நீ அங்கேயே நிம்மதியாக இரு. பேரனுக்கு முத்தம், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பி.கு.: பொங்கல்வரை என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். மதிவதனிக்கு லீவுதானே, அடுத்த சனிக்கிழமையே கிளம்பி வா. ஒரு தடவை மெதுவாகக் கிரிவலம் போவோம். திரும்பும்போது நானும் வருகிறேன். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள நான் சும்மாதானே இருக்கிறேன். சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். எந்த வண்டிக்கு சார் என்று அந்தப் புது டைம்கீப்பர் கேட்டால், இந்தத் தடவை சொல்ல ஒரு வண்டி இருக்கும். அது லேட்டாக வந்தாலும் பரவாயில்லை.