மச்சான் சொல்லி விற்ற இஞ்சின்

சேசு, மரி, சூசை துணை

முல்லைத்தீவு
12.08.1998

அன்பின் மச்சான் மெல்ரொனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உமது அக்கா புனிதமலரும் உயிரோடு இருக்கிறோம். நீர் ரொறன்ரோவில் பொருளாதாரம் படித்து உயர மன்றாடுகிறோம். வெளியிலிருந்து வரும் விலை அதிர்ச்சி வறிய நாட்டுத் தொழிலை எப்படி ஆட்டும் என்று உமது பரீட்சைக்காகக் கேட்டிருந்தீர். மச்சான், எங்களுக்கு அதிர்ச்சி உமது கடிதத்தில்தான் வருகிறது.

மாசியில் ஆமிக்காரர் எங்கட பக்கம் சாமான் வரும் பாதையைப் பூட்டினார்கள். மண்ணெண்ணெய் லொறி நின்றது. மீன் விற்ற காசு எண்ணெய்க்கே காணாது என்று வள்ளமெல்லாம் கரையில் ஏறிவிட்டன. மீன் இல்லாதபடியால் கருவாடு இல்லை, உப்பு விற்றவனுக்கு வேலையில்லை, தேத்தண்ணிக்கடைப் பழனியாண்டி அடுப்பை அணைத்துவிட்டார். உம்மிடம் யோசனை கேட்டு எழுதினேன். பதில் ஆனியில்தான் வந்தது: "அத்தான், எண்ணெய் இன்னும் ஏறும். வள்ளத்து இஞ்சினை வித்துப்போடுங்கோ."

கனடாக் கடிதத்தை எங்கட கரையில் தனியாக வாசிக்கும் வழக்கமில்லையே. பழனியாண்டியின் கடையில் சத்தமாக வாசித்தேன். அதுதான் நான் செய்த விசர்வேலை. படிச்ச பெடியன் சொல்லிப்போட்டான் என்று அன்றைக்கே என்ரையோட சேர்த்துப் பதினொரு வீட்டு இஞ்சின் விலைக்கு வந்திட்டுது. துணுக்காயில இருந்து வந்த யாவாரி சிரிச்சுச் சிரிச்சு இரும்பு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். பத்தாம் நாள் பாதை திறந்து எண்ணெய் விலை பாதியாய் விழுந்தது, கடல் முழுக்கச் சூடை மீன், நாங்கள் கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம். அதே இஞ்சினுக்கு இப்ப மூன்று மடங்கு கேக்கிறான். உமது பொருளாதாரப் பாடத்தில் இதைச் சுழற்சி என்பீர். எங்களுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

ஊரில் ஒருத்தரும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்லை. எரியுது மச்சான். இனி இஞ்சின் வேண்டாம், களப்பில இறங்கி வீச்சுவலையால றால் பிடிப்பன். அதுக்கு எண்ணெய் தேவையில்லை. நீரும் இனி யோசனை ஒன்றும் எழுத வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னவா.

பரீட்சையில் நீர் முதலாவதாக வர அந்தோனியார் துணைநிற்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
ஞானப்பிரகாசம்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி நாலு நாளாச்சு, அதைக் கணக்கெடுக்காதையும். நேற்று அக்கா தாலிக்கொடியைக் கழற்றித் தந்தவா. "சூடை போகமுன்னம் இஞ்சினைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டவா. மூன்று மடங்கு குடுத்து எடுத்து வந்தன். இண்டைக்கு விடியப் பாதையைத் திரும்பவும் பூட்டிப்போட்டாங்கள். இஞ்சின் குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்தில கிடக்குது. அக்கா கேக்கச் சொன்னவா, விக்கிறதோ, வைச்சிருக்கிறதோ? கெதியாய் எழுதும்.