417ஆம் அறையின் அமைதிக் கொடி

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் சக்கரத்தைவிட மேலானது கட்டில் திரை. சக்கரம் மனிதனை மனிதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்து வம்பு வளர்த்தது. திரை அந்தப் பிழையைத் திருத்தியது. சீனாவின் லான்ஜோ நகரத்து மகளிர் விடுதியொன்றின் 417ஆம் அறை இதற்குச் சாட்சி.

அங்கே மூன்று பெண்கள், ஏணி வைத்த மூன்று உயரக் கட்டில்கள், மூன்று திரைகள். மூடிய திரையைத் தொடுவது பாவம். அறைத் தலைவி யான் ஷூச்சி, தினமும் மாலை அறையின் "மனநிலை"யைச் செல்பேசியில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்பாள். நான்கு வாரம் "அமைதி" என்றால் பரிசாகக் கதவில் செங்கொடி. அதற்காக ஷூச்சி உயிரையே கொடுப்பாள். யாருடைய உயிர் என்பதில் அவளுக்குப் பிடிவாதமில்லை.

நான்காம் வாரம், திங்கட்கிழமை. மறுதேர்விலும் தோற்ற தோங் ருய், திரையைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதாள். ஷூச்சி பதறி ஏணியில் ஏறினாள். பெருந்தன்மையோடு ருய்யின் திரையை இழுத்து மூடினாள். பிறகு "அமைதி" என்று பதிந்தாள்.

வியாழன்வரை அந்தத் திரை அசைந்து யாரும் பார்க்கவில்லை.

"சாப்பிட்டாளான்னு கேக்கட்டுமா தலைவி?" என்றாள் மூன்றாமவள் மியாவ் லூ.

"அது தலையீடுடி. அவளுக்கு இடம் குடு."

"இடம் குடுத்தாச்சு. நூடுல்ஸ் குடுக்கலாமே?"

"ஏணிக்குக் கீழ வெச்சுட்டு வா. வாயைத் தொறக்காத."

நூடுல்ஸ் ஆறி விறைத்தது. 'பசியையே வென்றுவிட்டாளே!' என்று ஷூச்சி வியந்தாள். ருய்யின் செருப்பையும் காணவில்லை. செருப்புக்கும் தனிமை தேவைப்படலாம் என்று துருவாமல் விட்டாள்.

வெள்ளியன்று விடுதிப் பொறுப்பாசிரியர் பாங் கொடியோடு வந்தார்.

"போட்டோவுக்கு மூணு முகம் வேணும்."

"ருய் ஓய்வுல இருக்கா சார்."

"சிரிச்சுட்டு ஓய்வெடுக்கட்டும்."

லூ திரையை விலக்கினாள். மடித்த போர்வை மட்டும் இருந்தது.

ஷூச்சி ருய்யைச் செல்பேசியில் அழைத்தாள்.

"உயிரோடதான் இருக்கேன்," என்றாள் ருய். "செவ்வாக்கிழமையே அம்மாகிட்ட வந்துட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"சொல்லத்தான் அன்னைக்குத் திரையைத் தொறந்து வெச்சேன்."

ஷூச்சி தன் கட்டிலில் ஏறி, திரையை மூடாமல், விம்மி விம்மி அழுதாள். வாசலில் கொடி மாட்டிக்கொண்டிருந்த பாங் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அழுறது?"

லூ நல்ல பெண், தலைவியிடம் பாடம் படித்தவள். பூனைபோல ஏணியேறி ஷூச்சியின் திரையை இழுத்து மூடினாள்.

"யாரும் அழல சார். தலைவி அமைதியா இருக்காங்க."