நீர் இறங்கினால் போகலாம்

மரியாதைக்குரிய ஏணி மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் சொல்லச் சொல்ல, வார்டு நர்ஸம்மா எழுதும் கடிதம். நலம் என்று சொல்ல எனக்கு மூச்சில்லை. உன் நலம் கேட்க வெட்கமாயிருக்கிறது.

தியேட்டர் தீப்பிடித்து, தண்ணீர்த் தொட்டி சாய்ந்து, பஸ் டிரைவர்கள் நாற்பது நாள் வேலைக்கு வராமல் இருந்தார்களே, அந்த வருஷம்தான் நம் பேச்சு நின்றது. உன் கல்யாணப் பதிவில் சாட்சி இடத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளை இடத்தில் நான் விரலை வைத்தேன். மூணேகால் மணி. ஏணி மாதிரி நெட்டையாய், கட்டம்போட்ட சட்டை போட்டு நின்றாய். "போய்யா கைநாட்டு!" என்றாய். எதுவும் மறக்காததுதான் என் வியாதி என்றிருந்தேன், இல்லையாம், இதயம் பலவீனமாம், கால் ரெண்டும் தலையணையாய் ஊதி, படுத்தால் மூச்சு முட்டி இங்கே வந்து சேர்ந்தேன், எப்போ வீட்டுக்குன்னு கேட்டதுக்குப் பெரிய டாக்டர், "நீர் இறங்கினால் போகலாம்"னார். என்ன மரியாதை! எங்க பழைய மேஸ்திரிக்கு அப்புறம் யாரும் என்னை 'நீர்'னு சொன்னதில்லை. கட்டிலை விட்டு இறங்கினேன், மாடியை விட்டு இறங்கினேன், பஸ் ஸ்டாப்பில் கம்பத்தைக் கட்டிக்கிட்டு நின்னவனை வாட்ச்மேன் சக்கர நாற்காலியில அள்ளிட்டு வந்தான். "கால்ல இருக்கிற நீரைச் சொன்னேன் பெரியவரே!"ன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டார்.

இப்போ அந்த நீரும் இறங்கிடுச்சு. மூணு நாளா எடை ஏறலை, ஊசி போய் மாத்திரை வந்தாச்சு, வராந்தாவில ரெண்டு சுத்து நடந்தேன். ஆனாலும் விடமாட்டேங்கிறாங்க. வீட்டுல தினம் காலைல எடை பார்க்கணும், ரெண்டு கிலோ கூடினா உடனே ஓடி வரணுமாம். நம்பர் படிக்க யார் இருக்கான்னு கேட்டாங்க. உன் அக்காவைச் சொன்னேன். டிஸ்சார்ஜ் பாரத்துல எழுதிட்டு போன் நம்பர் கேட்டாங்க. போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்னேன். எழுதின பேரை அடிச்சாங்க. அண்ணனைச் சொன்னேன், அடிச்சாங்க. பக்கத்து வீட்டுத் தையல்காரர், அவரையும் அடிச்சாங்க. "உயிரோட இருக்கிற யாரையாவது சொல்லுங்களேன்!"னு நர்ஸம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு, இதையும் அவங்களேதான் எழுதுறாங்க. ஆளில்லாம அனுப்பினா ஒரே வாரத்துல திரும்பி வருவேனாம், அப்போ பஸ் ஸ்டாப் தூரம்கூட நடக்க முடியாதாம்.

இதெல்லாம் தகவலுக்குத்தான். உன் தயவு எனக்கு வேண்டாம், வராதே. உன் வீட்டில் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
(கைநாட்டு, இந்தத் தடவை சரியான இடத்தில்)

பின்குறிப்பு: வர்ற வெள்ளிக்கிழமை காலைல டாக்டர் வருவார். கண்ணாடியை மறந்துடாதே. பாரத்துல நம்பர் படிக்கிற ஆள்ங்கிற இடத்துல, மிச்சம் இருக்கிற ஒரே உயிரைச் சொல்லிட்டேன்: ஏணி.