விரிசல் இல்லை என்று எழுதித் தரவும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம், முன்னறைச் சுவர் நீங்கலாக. அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள். உங்கள் வீட்டைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து அழகாக ஏதாவது சொல்லிவிடுகிறாய், என்ன கேட்க வந்தேன் என்பது எனக்கு மறந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் என் வாழ்த்து. நீ எழுதிய ‘எங்கள் தெருவின் வரலாறு’ இப்போது கல்லில் இருக்கிறது. நம் தெருவுக்கு அடியில் கட்டியிருக்கும் ரயில் நிலையத்தில், நகரும் படியில் இறங்கியதும் எதிரே வரும் கருங்கல் சுவரில், ஆள் உயரத்துக்கு வெட்டி, மேலே விளக்கும் போட்டிருக்கிறார்கள். அச்சகத்தில் நாற்பது வருடம் புரூப் பார்த்தவன் என்ற முறையில் நின்று படித்தேன். ஒற்று ஒன்றுகூட விடுபடவில்லை. விடுபட்டது உண்மை மட்டும்தான், அதைப் பார்ப்பது எந்த நாளும் என் வேலையாக இருந்ததில்லை. நிலையத்துக்கும் நம் தெருவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தெருவில் பாதியை இடித்துத்தான் அதற்கு வாசல் வைத்தார்கள் என்பதால், பெயராவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ எழுதினால் அது வரிசையாக வராது. சுரங்கம் தோண்டும் மிஷின் நம் வீட்டுக்கு அடியில் வந்த வாரம், அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது, தட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக விளிம்புக்கு நடந்து வந்து எட்டிப் பார்த்தன, உன் அண்ணி தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “கீழ்வீட்டுல யாரோ கட்டிலை இழுக்குறாங்க” என்றாள், நமக்குக் கீழ்வீடு கிடையாது என்றேன், “இப்ப வந்துடுச்சு” என்றாள். அந்த வாரக் கடைசியில் முன்னறை ஜன்னலின் மூலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு இறங்கியது. ஒட்டடை என்று நினைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது நீண்டது. அடுத்த வாரம் அதில் என் பென்சில் நுழைந்தது, அதற்கடுத்த வாரம் உன் அண்ணியின் சுண்டுவிரல் நுழைந்தது, அவள் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, “தெருவுல காத்து நல்லா அடிக்குது” என்றாள்.

ரயில்காரர்கள் ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். நல்ல மனிதர். விரிசலுக்குக் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தமாம், உடையாவிட்டால் நின்றுவிட்டது என்று அர்த்தமாம். அவர் வாசலைத் தாண்டுமுன் அது உடைந்தது. திரும்பி வந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். “சார், இது புது விரிசல். உள்ள பாருங்க, பளிச்சுனு வெள்ளையா இருக்கு. பழசா இருந்தா அழுக்கு ஏறியிருக்கும். எங்க மிஷினாலதான். எழுதிக் குடுத்துடுறேன், சுவரைப் பிரிச்சுப் புதுசாக் கட்டித் தந்துடுவாங்க” என்றார். அவருக்குக் காப்பி கொடுத்தோம். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் அதேபோல விரிசல், அதே இன்ஜினியர், அதே கண்ணாடி. இன்று அவர் வீட்டில் புதுச் சுவர் நிற்கிறது, அதற்கு வெளிர்நீல வர்ணம், கேட்காமலே ஒரு ஜன்னலும் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் மூன்று மரக்கம்பங்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன, உன் அண்ணி அதில் துண்டு காயப்போடுகிறாள். இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்பாய். தையல்காரர் குடும்பத்தில் யாருக்கும் எழுத வராது.

என் மனு போன இடத்தில் ஓர் அதிகாரியம்மாள் இருக்கிறார். கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். என்னை உட்காரச் சொல்லி, இன்ஜினியர் அறிக்கையை ஒரு கையிலும் உன் கட்டுரையின் நகலை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, உன்னுடையதை வாய்விட்டுப் படித்தார். “‘எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியே காலை வெயில் வந்து, வரிசையாகப் படுத்திருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பும்.’ எவ்வளவு அழகா எழுதியிருக்காரு சார்.”

“அழகாத்தான் இருக்குங்க. ஆனா பொய்.”

“உங்க கூடப் பிறந்த தம்பிதானே?”

“அதுல சந்தேகம் இல்லைங்க.”

“அப்ப விரிசல் அவர் சின்ன வயசுலயே இருந்திருக்கு. பழைய விரிசலுக்கு நாங்க பொறுப்பாக முடியாதே சார்.”

அது மேற்குச் சுவர் என்று சொல்லிப் பார்த்தேன். காலை வெயில் அந்த வழியாக வர வேண்டுமென்றால் சூரியன் முதலில் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். “அது எனக்குத் தெரியாது சார். கல்லுல காலைனு இருக்கு” என்றார். கடைசியில் உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அது உவமை என்றேன். எதற்கு உவமை என்று கேட்டார். தம்பி, நீ இருந்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பாய். அவர், “உவமையைக் கட்டடப் பிரிவுக்கு அனுப்ப முடியாது சார்” என்றார், வருத்தத்தோடுதான். இன்ஜினியர் அறிக்கை இருக்கிறதே என்று கேட்டதற்கு, அவர் வேறு நிலையத்துக்கு மாறிப் போய்விட்டதாகவும், அறிக்கை காகிதம் என்றும், உன்னுடையது கல் என்றும் சொன்னார். எழுதியவரே ‘அந்த விரிசல் என் கற்பனை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுநாளே கொத்தனார் வருவார் என்பது அவர் முடிவு.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ பேசியதை நான் மறக்கவில்லை. “அண்ணே, அதுல ஒரு இலக்கிய உண்மை இருக்கு” என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். “நடக்காத உண்மை” என்றாய். சரி, நடக்கவில்லை என்பதை மட்டும் எழுதிக் கொடு என்றேன். “ஒரு வரி பொய்யுன்னு சொன்னா மீதியை எவன் நம்புவான் அண்ணே? அடுத்த மாசம் அந்தச் சுவருக்கு முன்னாடி எனக்குப் பாராட்டு வெச்சிருக்காங்க” என்றாய். பாராட்டு முடிந்த பிறகு கொடுக்கிறாயா என்று கேட்டேன். லைன் சரியாக இல்லை என்று சொல்லிவிட்டாய். என் பக்கம் லைன் நன்றாகவே இருந்தது.

மீதியைப் பற்றி நீயே பேச்சை எடுத்ததால் நானும் கேட்கிறேன். ‘எங்கள் தெருவில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருந்ததில்லை’ என்று வெட்டியிருக்கிறதே, நம் வீட்டில் மேலொன்று கீழொன்று போட்டுவிட்டு நடுவில் நாற்காலியும் வைப்போமே, அதை என்ன செய்தாய்? ‘பொதுக் கிணற்றில் எல்லோரும் ஒரே கயிற்றால் நீர் இறைத்தோம்.’ ஒரே கயிறுதான், அதற்காகத்தான் அத்தனை சண்டை, யாரோ அதை அறுத்த பிறகு ஆளுக்கொரு கயிறு கொண்டுபோனோம், உன்னிடம் கொடுத்ததைத் தொலைத்துவிட்டு வந்து நீ அடி வாங்கினாய். ‘எங்கள் தந்தை மாலைதோறும் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வார்.’ கிடங்கில் மூட்டை எண்ணிவிட்டு அவர் தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். நம்மைக் காலையில் எழுப்பியது வெயிலும் இல்லை, அவருடைய கால். முகத்தை அது தொட்டதில்லை, அவ்வளவுதான் நான் ஒப்புக்கொள்ள முடியும். வரலாற்றை எழுதும் உரிமை ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் கிடைக்கிறது, அதற்குள்ளேயே கிடப்பவர்களுக்குப் பராமரிப்புச் செலவு கிடைக்கிறது.

இப்போது நம் வீடு பிரபலம். நிலையத்தில் உன் எழுத்தைப் படித்தவர்கள் மேலே ஏறி வந்து விரிசலைப் பார்க்கிறார்கள். முதலில் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள், பிறகு கதவைத் தட்டினார்கள், ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக முன்னறைக்குள் வந்து அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது, உன் அண்ணியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது. அந்தக் குடும்பத் தலைவர் அவளிடம், “அந்தக் காலத்துல எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கீங்க” என்றார். “நான் வாக்கப்பட்டு வந்தவங்க, எனக்கு அதெல்லாம் குடுத்து வைக்கலை” என்று அவள் சொன்னாள். தையல்காரர் தினமும் தன் பெரிய ஜன்னலில் இருந்து கேட்கிறார்: “என்ன சார், தம்பி எழுதினாராம், சுவர் விழுந்துச்சாம்?” உன் அண்ணிதான், “சுத்தியல் எடுக்காம வீட்டை இடிச்ச ஆளு எங்க குடும்பத்துலதாங்க இருக்காரு” என்றாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது போல எனக்குப் பட்டது.

விஷயம் இதுதான். மாநகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டார்கள். மழைக்கு முன் சுவரைப் பிரித்துக் கட்டாவிட்டால், வீடு ஆபத்தானது என்று வாசலில் ஒட்டி, எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். சொந்தமாகக் கட்ட என் ஓய்வூதியம் ஜன்னல் வரைக்கும்கூடக் காணாது. ஆகவே இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ‘எங்கள் வீட்டுச் சுவரில் என் சிறுவயதில் விரிசல் ஏதும் இருந்ததில்லை’ என்று நானே எழுதிவிட்டேன், உனக்கு எழுதும் சிரமம் வேண்டாம், எழுதினால் நீ ஏதாவது சேர்ப்பாய். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. அனுப்பாவிட்டால் உனக்கும் எனக்கும் இனி எழுத்துப் போக்குவரத்து இல்லை. உன் பாராட்டுக்கு நான் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன், கைதட்டமாட்டேன்.

உன் மனைவிக்கு எங்கள் ஆசிகள். பெரியவன் நன்றாகப் படிக்கட்டும், சின்னவள் நன்றாக விளையாடட்டும், இரண்டு பேரும் எழுதாமல் நீண்ட நாள் வாழட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெளியே போகாதே, உன் வீட்டில் சுவர்கள் நன்றாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அதிகாரியம்மாள் போன் செய்தார். எழுதியவரே மறுக்க வேண்டும் என்பதில்லையாம். அந்த வீட்டில் வளர்ந்த மூத்தவர், கட்டுரையின் நகலில் பொய்யான வரிகளை அடித்து, மற்றவை உண்மை என்று கையெழுத்துப் போட்டால் போதுமாம். மிஞ்சியதை வைத்துப் புதுக் கல் வெட்டிவிட்டு, நம் சுவரையும் கட்டித் தருவார்களாம். நகல் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். கைக்குப் பழகிய வேலை, சந்தோஷமாகவே செய்தேன். விரிசல் போயிற்று, வெயில் போயிற்று, கயிறும் கதைகளும் போயின. கடைசிப் பத்தியில், அம்மா சமையலறையில் மெல்லப் பாடிக்கொண்டே இருப்பாள் என்று எழுதியிருக்கிறாய். அம்மா பாடியதில்லை. இருமினாள். நீ ஹாஸ்டலில் இருந்தாய், லீவுக்கு வந்து அடுத்த அறையில் படுத்துக் கேட்டால் எப்படிக் கேட்டதோ எனக்குத் தெரியாது. அதையும் அடித்தேன். முடித்துப் பார்த்தபோது, ‘இங்கே ஒரு தெரு இருந்தது’ என்ற முதல் வரியும் அடியில் உன் பெயரும் மிஞ்சியிருந்தன.

உன் அண்ணி தாளை வாங்கிப் பார்த்தாள். “இவ்வளவுதானா?”

“இதுதான் உண்மை.”

“அத்தனை பேரு அத்தனை வருஷம் இருந்ததுக்கு இவ்வளவுதானா?” என்று மறுபடியும் கேட்டுவிட்டு, “அத்தை பாடுனதை மட்டுமாவது விடுங்களேன்” என்றாள்.

புரூப்பில் தவறி அடித்த வரி மறுபடி வேண்டுமென்றால், அதற்கு அடியில் புள்ளி வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவது வழக்கம். அம்மாவுக்கு அப்படி எழுதினேன். எழுதியதும் ஒரு சிக்கல் வந்தது. அவள் பாடியது இருக்கட்டும், விரிசல் மட்டும் போகட்டும் என்றால், எனக்கு வேண்டாத பொய்யை மட்டும் பார்த்து அடிக்கிறேன் என்று ஆகிறது, அந்த வேலைக்குக் குடும்பத்தில் ஏற்கெனவே நீ இருக்கிறாய். எனவே கதைகளுக்கும் புள்ளி வைத்தேன், கயிற்றுக்கும் வைத்தேன், வெயிலுக்கும் வைத்து விரிசல் வரைக்கும் போய்விட்டேன். உன் அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், போதும் என்று சொல்லவில்லை. எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதிகாரியம்மாள் ஏன் என்று கேட்கவில்லை, தண்ணீர் கொடுத்தார்.

இந்த மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டுகிறார்கள். ஒற்றை அறை ஒன்று பார்த்திருக்கிறோம், முகவரி பிறகு எழுதுகிறேன். நான் வைத்த தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டாம், கிழித்துவிடு. யாராவது வந்து விசாரித்தால் மறுத்துப் பேசாதே, அது கிழக்குச் சுவர். அம்மா என்ன பாட்டுப் பாடுவாள் என்று உன் அண்ணி நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ யோசித்து ஒன்றை எழுதி அனுப்பு.